அரிசியில் கல் பொறுக்கும் லேசர்

ஒரு கிலோ அரிசியில் நாலே நாலு கல் கிடக்கிறது. அது என்ன கல், எந்த ஊர்ப் பாறையிலிருந்து வந்தது என்று நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும். என்ன செய்வீர்கள்? முறத்தில் கொட்டி, வெளிச்சத்தில் உட்கார்ந்து, கல்லைத் தனியாகப் பொறுக்கி எடுப்பீர்கள். அரிசியையும் கல்லையும் ஒன்றாக மெஷினில் கொடுத்து அரைத்து, வந்த மாவை லேபுக்கு அனுப்பி, 'இதில் என்ன கல் இருக்கிறது, சொல்லுங்கள்' என்று கேட்க மாட்டீர்கள்.

நம்பினால் நம்புங்கள். புற்றுநோய் ஆராய்ச்சியில் ரொம்ப காலம் நடந்தது இந்த இரண்டாவது காரியம்தான்.

ஆபரேஷன் செய்து ஒரு கட்டியை வெளியே எடுக்கிறார்கள். பார்க்கிற நாம், அந்த உருண்டை முழுக்கப் புற்றுநோய் செல் என்று நினைத்துக்கொள்கிறோம். கிடையாது. உள்ளே ரத்தக் குழாய் இருக்கும், நார் இருக்கும், கொழுப்பு இருக்கும். எதிரியைப் பிடிக்க வந்த நோய் எதிர்ப்பு செல்கள் கும்பலாக நிற்கும். ஒன்றுமறியாத நல்ல செல்களும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். உண்மையான ஆசாமி, அதாவது புற்றுநோய் செல், சில கட்டிகளில் பாதி இருப்பான். சிலவற்றில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்திருப்பான். அத்தனையையும் சேர்த்து அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தால், அது யாருடைய டி.என்.ஏ.?

நான் படித்தது பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு குழுமத்தில் பத்து கம்பெனிகள். ஒன்பது லாபத்தில் ஓடுகின்றன, ஒன்று திவாலாகிக்கொண்டிருக்கிறது. பத்தையும் சேர்த்துப் போட்ட பாலன்ஸ் ஷீட்டை மட்டும் கொடுத்தால் அந்தப் பத்தாவது கம்பெனியின் வண்டவாளம் வெளியே வருமா? அதன் கணக்குப் புத்தகத்தைத் தனியாக எடுத்தால்தான் உண்டு. திசுவிலும் அதே கதைதான்.

தனியாக எடுக்க முடியாததால் ஒரு கேள்வி எத்தனை வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு ஒரு உதாரணம். லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரி. அங்கே தாமஸ் ஹாட்ஜ்கின் என்று ஒரு டாக்டர். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்ப்பதும், ஆஸ்பத்திரியின் மியூசியத்தைக் கவனித்துக்கொள்வதும் அவர் வேலை. 1832-ல் ஏழு பேரைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நம் ஊரில் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த நிணநீர் முடிச்சுகள் அந்த ஏழு பேருக்கும் பெரிது பெரிதாக வீங்கியிருந்தன. வேறு எந்த அழற்சியாலும் வந்த வீக்கமாகத் தெரியவில்லை, நோயே அந்த முடிச்சுகளில்தான் என்றார் ஹாட்ஜ்கின். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனிதர் பாவம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளை ஹட்சன் பே கம்பெனி நடத்துகிற விதத்தைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் மேலிடத்துக்கு அந்தக் கம்பெனியோடு தொடர்பு. 1837-ல் வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கைஸை விட்டு வெளியேறினார். 1866-ல் பாலஸ்தீனத்து யாஃபா நகரில், பயணம் போன இடத்தில் இறந்துபோனார். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர் அந்த வியாதிக்கு 'ஹாட்ஜ்கின் நோய்' என்று பெயர் வைத்திருந்தார்.

அப்புறம் மைக்ராஸ்கோப் ஆட்கள் வந்தார்கள். 1898-ல் ஆஸ்திரியாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க், 1902-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் டாரத்தி ரீட். வீங்கிய முடிச்சுக்குள் விசித்திரமான ராட்சத செல் ஒன்றை இருவருமே விவரித்தார்கள். இரண்டு உட்கருக்களோடு, ஆந்தை முறைத்துப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஸ்டெர்ன்பெர்க் இதைக் காசநோயின் ஒரு வடிவம் என்று நினைத்தார். ரீட், 'இல்லவே இல்லை, இது தனி வியாதி' என்று சொன்னார். ரீட் சொன்னதுதான் சரி. ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஒரு பெண்ணுக்கு ஆசிரியர் பதவி என்பது அப்போது நடக்காத காரியம் என்று தெரிந்ததும், அவர் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டுக் கிளம்பினார். இன்றைக்கும் அந்த செல்லுக்கு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்றுதான் பெயர்.

சரி, அந்த ராட்சதன் யார்? உடம்பின் எந்த செல் இப்படிக் கெட்டுப்போய் அதுவாக மாறியது? தெரியாது. ஏனென்றால் ஒரு ஹாட்ஜ்கின் கட்டியில் அந்த செல்கள் மொத்தமே நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிகம். மீதி தொண்ணூற்றொன்பதும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். அரைத்துப் பார்த்தால் வேடிக்கை பார்த்தவர்களின் ஜாதகம்தான் கிடைக்கும்.

கையால் பொறுக்க முடியாதா என்று கேட்பீர்கள். பொறுக்கினார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌரி என்று ஒரு பேராசிரியர். 1951-ல் இவர் புரதத்தை அளக்கும் முறை ஒன்றை எழுதி வைக்க, உலகத்திலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அவருக்கே அது ஒன்றும் பிரமாதமான கட்டுரை என்ற எண்ணம் கிடையாது. பிரமாதம் என்று நான் நினைப்பது அவருடைய இன்னொரு வேலையை. மூளைத் திசுவை உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சி, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒற்றை நரம்பு செல்லை வெட்டி எடுத்தார். கத்தி? சவர பிளேடை உடைத்து எடுத்த துணுக்கு. எடுத்த செல்லை நகர்த்துவதற்கு மயிரிழை. எடை போட? மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றை ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையில் செல்லை வைத்து, இழை எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தார். தூண்டில் கம்பு வளைகிற மாதிரி. அந்தத் தராசுக்கே தூண்டில் கம்புத் தராசு என்று பெயர். அது நிறுத்தது நானோகிராம் கணக்கில். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

லௌரி மாதிரி கையும் பொறுமையும் எத்தனை பேருக்கு இருக்கும்? ஒருவர் தும்மினால் அன்றைய வேலை போச்சு.

வெளிச்சத்தையே கத்தியாக்கினால் என்ன என்று அதற்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். செர்கே சக்கோட்டின் என்ற ரஷ்யர். இவர் வாழ்க்கையைத் தனித் தொடராகவே எழுதலாம். 1908-ல் இத்தாலியின் மெஸ்ஸினா பூகம்பத்தில் இடிபாட்டுக்குள் புதைந்து உயிரோடு வந்தார். நாயும் மணியும் வைத்துச் சோதனை செய்தாரே பாவ்லோவ், அவரிடம் வேலை பார்த்தார். பின்னாளில் ஜெர்மனியில் இருந்தபோது ஹிட்லரின் ஸ்வஸ்திகாவுக்கு எதிராக மூன்று அம்புச் சின்னத்தைப் பரப்பினார். இத்தனைக்கும் நடுவில் 1912-ல், புற ஊதா ஒளியை மைக்ராஸ்கோப் வழியாக ஊசிமுனையாகக் குவித்து, ஒரு செல்லின் ஏதாவது ஒரு மூலையில் மட்டும் குத்தும் முறையை வெளியிட்டார். அப்போது லேசர் கிடையாது. 1960-ல்தான் கலிஃபோர்னியாவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை எரியவிட்டார். இரண்டே வருஷத்தில் பாரிஸில் மார்செல் பெஸ்ஸி குழுவினர் அதை செல்லுக்குள் குறி வைத்துப் பாய்ச்சிவிட்டார்கள்.

1976-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் மையர்-ரூகே என்பவரும் சகாக்களும் லௌரியின் பிளேடு துணுக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நைட்ரஜன் லேசரால் திசுவை வெட்டிக் காட்டினார்கள். லேசர் மைக்ரோடிசெக்ஷன் என்கிற வார்த்தையும் விஷயமும் ஆக அப்போதே வந்துவிட்டது. ஆனால் ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் சுலபமானது. ஒரு செல்லை வெட்டி எடுத்துவிட்டீர்கள், சரி, அப்புறம்? ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 6 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பாகமாக்கினால் அதில் ஆறு பாகம். (லட்சம் கோடி என்ற எண்ணிக்கை நமக்கு ஊழல் செய்திகளில்தான் பழக்கம்.) அதை வைத்துக்கொண்டு அந்த நாளில் ஒன்றுமே செய்ய முடியாது.

அந்தப் பூட்டைத் திறந்தவர் கேரி முல்லிஸ். 1983-ல் அவர் கண்டுபிடித்த பி.சி.ஆர்., துளியூண்டு டி.என்.ஏ.வை ஜெராக்ஸ் எடுப்பது போலக் கோடிக்கணக்கில் பெருக்கித் தந்தது. கொரோனா புண்ணியத்தில் இன்று நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்த பெயர். இதன் பிறகு ஒற்றை செல்லுக்கும் மதிப்பு வந்துவிட்டது.

1994-ல் ஹாட்ஜ்கின் கேள்விக்குப் பதில் வந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து ரால்ஃப் கூப்பர்ஸ், கிளாவ்ஸ் ராயெவ்ஸ்கி, மார்ட்டின்-லியோ ஹான்ஸ்மன் ஆகியோர் அடங்கிய குழு. லேசர்கூட இல்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயைக் கருவியில் பிடித்து, திசுவிலிருந்து ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து, பி.சி.ஆர். செய்தார்கள். ராட்சதனின் பூர்வீகம் தெரிந்துவிட்டது: பி செல். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி தயாரிப்பதற்காக உடம்பே வளர்க்கும் வெள்ளை அணு வகை. இரண்டு வருஷம் கழித்து இன்னும் விவரம் கிடைத்தது. உருப்படியான ஆன்டிபாடி செய்யத் தெரியாத பி செல்களை உடம்பு சாகவிட்டுவிடும். அப்படிச் செத்திருக்க வேண்டிய ஒன்று எப்படியோ தப்பித்து ஆந்தைக் கண்ணோடு உலாவுகிறது! ஹாட்ஜ்கின் எழுதி 162 வருஷம் ஆகியிருந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதில் வருவதற்கு வெகு முன்பே ஹாட்ஜ்கின் நோய்க்குக் குணமளிக்கும் கீமோதெரபி வந்துவிட்டது. நோயாளிகள் இந்த விடைக்காகக் காத்திருந்து சாகவில்லை.

ஆனால் ஒவ்வொரு செல்லாகப் பிய்த்தால் ஒரு மாமாங்கம் ஆகும். நூறு நோயாளி, நோயாளிக்கு ஆயிரம் செல் என்றால் யார் உட்காருவது?

இங்கேதான் வருகிறது அமெரிக்காவின் பெதெஸ்டா. தேசிய சுகாதார நிறுவனத்தின் வளாகம். அங்கே புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் லான்ஸ் லியோட்டா. அவர் குழுவில் மைக்கேல் எம்மர்ட்-பக் என்ற இளம் பேத்தாலஜிஸ்ட். அவர்களுக்கு வேண்டியது இது: ஒரே நோயாளியின் ஒரே ஸ்லைடில் நல்ல செல்லும் இருக்கிறது, கெட ஆரம்பித்த செல்லும் இருக்கிறது, முழுசாகக் கெட்டு அக்கம்பக்கத்தில் ஊடுருவும் செல்லும் இருக்கிறது. மூன்றையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டால், கெட்டுப்போவதன் படிகள் தெரிந்துவிடும். ஊசியை வைத்துச் சுரண்டிப் பார்த்தார்கள். வந்தது. ஆனால் ரொம்ப மெதுவாக வந்தது.

வெட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஒட்டுவதைப் பற்றி யோசித்தார்கள். ராபர்ட் பானர் என்ற பொறியியல் ஆராய்ச்சியாளரும் சேர்ந்துகொள்ள, வந்த யோசனை இது. எத்திலீன் வினைல் அசிடேட் என்று ஒரு பிளாஸ்டிக். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு 'க்ளூ கன்' வாங்குவீர்களே, அதில் செருகும் குச்சி அந்த வகைதான். சூடுபட்டால் இளகும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். இதன் மெல்லிய படலத்தைத் திசுத் துண்டின் மேல் வைத்தார்கள். அந்தத் துண்டின் கனம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வேண்டிய செல்லுக்கு நேராக அகச்சிவப்பு லேசரை ஒரு கணம் அடித்தார்கள். அந்த இடத்தில் மட்டும் படலம் இளகி, கீழே இருந்த செல்லைக் கவ்விக்கொண்டது. படலத்தைத் தூக்கினால் வேண்டிய செல்கள் மேலே வந்துவிட்டன. மற்றதெல்லாம் கண்ணாடியிலேயே கிடந்தது. அவ்வளவுதான்!

1996 நவம்பர் 8-ம் தேதி 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பெயர், 'லேசர் கேப்சர் மைக்ரோடிசெக்ஷன்'. சும்மா சொல்லக் கூடாது, என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்குக்கூட படித்தவுடன் 'அட' என்று தோன்றும் யோசனை. எந்த செல்லை எடுத்தீர்கள் என்பதற்கு, எடுப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ இருக்கிறது. ஆடிட்டருக்குப் பிடித்த சமாசாரம், வவுச்சர்!

கலிஃபோர்னியாவின் ஆர்க்டரஸ் கம்பெனி அடுத்த வருஷமே இதை இயந்திரமாக்கி விற்க ஆரம்பித்தது. பசைப் படலத்தைச் சின்னக் குழாயின் மூடியிலேயே ஒட்டி வைத்தார்கள். செல்லைக் கவ்வியதும் மூடியைத் திருப்பிக் குழாயை மூடினால் அப்படியே ரசாயனத்தில் கரைத்துவிடலாம்.

இதே நேரத்தில் ஜெர்மனியில் காரின் ஷூட்ஸே என்ற பெண் விஞ்ஞானி நேரெதிர் வழியில் போய்க்கொண்டிருந்தார். ஒட்டவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். புற ஊதா லேசரால் செல்லைச் சுற்றி ஒரு கோடு வெட்டு. பிறகு அடியிலிருந்து ஒரே ஒரு லேசர் அடி. வெட்டிய துண்டு கவண் கல் மாதிரி மேலே பறந்துபோய் மூடியில் ஒட்டிக்கொள்ளும். 1998-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி'யில் ஜார்ஜியா லாரோடு சேர்ந்து இதை வெளியிட்டார். இவருடைய பாம் நிறுவனத்தைப் பிறகு ட்ஸைஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. போட்டிக் கம்பெனியான லைக்கா, 'மேலே எறிவானேன்? ஸ்லைடைத் தலைகீழாக வைத்து வெட்டினால் தானே கீழே விழப்போகிறது' என்று புவியீர்ப்பை நம்பி ஒரு இயந்திரம் செய்தது. மூன்றும் வேலை செய்தன.

இதனால் என்ன பிரயோஜனம்? போலீஸ் வேலையிலிருந்து ஒன்று. பாலியல் வன்முறை வழக்கில் எடுக்கும் மாதிரியில் பாதிக்கப்பட்ட பெண்ணின் செல்கள் மிக அதிகமாக இருக்கும். குற்றவாளியின் விந்தணுக்கள் ஒன்றிரண்டுதான் தேறும். மொத்தமாகச் சோதித்தால் பெண்ணின் டி.என்.ஏ. மற்றதை அமுக்கிவிடும். விந்தணுக்களை மட்டும் லேசரால் எடுத்தால் குற்றவாளியின் அடையாளம் தெளிவாகக் கிடைக்கிறது. 2000-களின் ஆரம்பத்திலேயே இதைச் செய்து காட்டினார்கள்.

இயந்திரம் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த செல்லை எடுப்பது என்று காட்ட அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட்டின் கண் வேண்டும். ஆர்.என்.ஏ. எடுப்பதாக இருந்தால் ஓட்டமும் நடையுமாகச் செய்ய வேண்டும். கொஞ்சம் ஈரம் பட்டால்கூட அதைத் தின்னும் என்சைம்கள் விழித்துக்கொள்ளும். மெழுகில் பதித்த பழைய திசு என்றால் இன்னும் கஷ்டம். ஃபார்மலினில் ஊறிய டி.என்.ஏ.வும் புரதமும் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி கிடக்கும்.

ஆனால் அந்த மெழுகுக் கட்டிகள்தானே புதையல்? பயாப்சி செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது 'பிளாக்' வாங்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். உலகத்து ஆஸ்பத்திரி அலமாரிகளில் அப்படி எத்தனையோ பிளாக்குகள் தூங்குகின்றன. அவற்றை எழுப்பியதில் கிடைத்த ஒரு விஷயம்தான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைஸிஸ் என்று ஒரு கொடுமை. 1956-ல் ஸ்காட்லாந்தின் ஆலன் லயல் என்ற தோல் டாக்டர் விவரித்தது. நோய்க்காக மருந்து சாப்பிடுகிறீர்கள். சல்ஃபா மாத்திரையாக இருக்கலாம், வலிப்புக்கான மருந்தாக இருக்கலாம், யூரிக் ஆசிடுக்கான அல்லோபியூரினாலாக இருக்கலாம். லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. யாரோ ஒருவருக்கு மட்டும், தீயில் வெந்தது போல உடம்புத் தோல் தாள் தாளாகக் கழன்று வரும். வாய், கண் எதுவும் மிஞ்சாது. தீக்காய வார்டில்தான் படுக்க வைப்பார்கள். சுமார் மூன்றில் ஒருவர் இறந்துவிடுவார். இதற்கு இதுதான் மருந்து என்று நிச்சயமாகச் சொல்ல எதுவும் இல்லை.

மியூனிக் பக்கத்தில் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனம். அங்கே மத்தியாஸ் மன் என்பவரின் குழு, புரதங்களை அளப்பதில் கெட்டிக்காரர்கள். தோல் டாக்டரான தியெரி நோர்ட்மன் இந்த நோயாளிகளின் பழைய மெழுகு பிளாக்குகளை எடுத்தார். மாத்திரையால் சாதாரணத் தடிப்பு மட்டும் வந்து போனவர்களின் தோலையும் ஒப்பிட எடுத்துக்கொண்டார். தோலின் மேலடுக்கு செல்களைத் தனியாக, உள்ளே புகுந்த எதிர்ப்பு செல்களைத் தனியாக லேசரால் வெட்டி எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்தார்கள். நோயாளிகளின் செல்களில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வைரஸுக்கு எதிராக உடம்பு அடிக்கும் இன்டர்ஃபெரான் அபாயமணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணியோசையை செல்லுக்குள் கொண்டுபோகும் கம்பிக்கு ஜேக்-ஸ்டாட் என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பியை அறுக்கும் மாத்திரைகள் ஏற்கெனவே மருந்துக் கடையில் இருந்தன. மூட்டுவாதத்துக்காகக் கொடுப்பவை. முதலில் எலிகளில் முயன்றார்கள், பலன் இருந்தது. பிறகு சீனாவின் ஃபூஜியானில் டாக்டர்கள் ஏழு நோயாளிகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

ஏழு என்பது சின்ன எண்தான். முறையான பெரிய சோதனை நடத்தாமல் எந்த டாக்டரும் இதையே சிகிச்சை என்று எழுதிக் கொடுக்க முடியாது. நோர்ட்மன் குழுவினரே அதைத்தான் சொல்கிறார்கள்.